கோட்டை நீட்டுவது கணக்கா, ஜோசியமா?

வணக்கம் சார்,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். வெளிநாட்டில் பட்டப்படிப்பு சேர சாட் தேர்வுக்குத் தயாராகிறாள். கணக்கில் கெட்டிதான். புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டு, அதை நீட்டி விடை கேட்கும் கிராஃப் கேள்விகளில் மட்டும் தடுமாறுகிறாள். நேற்று ஒரு ஸ்பிரிங் கேள்வி, எவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு நீளம் என்று. கோடு 40 கிராமுக்கு 14 செ.மீ., 120 கிராமுக்கு 18 செ.மீ. என்று போகிறது. 120 கிராமுக்கான புள்ளி மட்டும் கோட்டுக்கு மேலே 18.6இல் இருக்கிறது. 200 கிராமுக்குக் கோட்டின்படி எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். இவள் 22.6 என்று போட்டாள். விடை 22. "கோடு அதுவரைக்கும் இப்படியே போகும்னு யார் சொன்னா?" என்று என்னிடம் சண்டை. எனக்கும் பதில் தெரியவில்லை. இது கணக்கா, ஜோசியமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, செம்பூர்

அன்புள்ள செம்பூர் வாசகிக்கு,

உங்கள் மகளிடம் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒன்று தப்பு, மற்றொன்று நல்ல கேள்வி. தப்பைத் திருத்தும் அவசரத்தில் அந்த நல்ல கேள்வியை அடக்கிவிடாதீர்கள்.

முதலில் தப்பு. 40இலிருந்து 120 வரை 80 கிராம். அதற்குள் கோடு 4 செ.மீ. ஏறுகிறது. 120இலிருந்து 200க்கும் அதே 80 கிராம், அதே 4 செ.மீ. இதை அவள் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். கூட்டத் தொடங்கிய இடம்தான் தவறு. கோட்டில் உள்ள 18இலிருந்து போகாமல், கடைசிப் புள்ளியான 18.6இலிருந்து போய்விட்டாள். விடைகளில் 22.6 தற்செயலாக வந்து உட்காரவில்லை. இப்படிப் போகிறவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்துதான் அதை வைத்திருப்பார்கள்.

ஏன் புள்ளியிலிருந்து போகக் கூடாது? ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டால் அது கொஞ்ச நேரம் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் அளந்தால் ஒரு எண், ஸ்கேலைச் சாய்த்துப் பார்த்தால் வேறு எண். ஒவ்வொரு புள்ளியிலும் இப்படி ஒரு சின்னப் பிசகு ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாப் புள்ளிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, எதன் பிசகுக்கும் அதிக இடம் கொடுக்காமல் போடுவதுதான் நடுவில் இருக்கும் கோடு. கடைசிப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு நீட்டினால் அந்த 0.6 பிசகையும் 200 கிராம் வரை கூடவே இழுத்துக்கொண்டு போகிறோம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் லேபில் இதே ஸ்பிரிங் சோதனையைச் செய்வார்கள். புள்ளிகளைக் கோத்து வளைத்து வளைத்து வரையாதே, நடுவாக ஒரே நேர்க்கோடு போடு என்று அங்கே ஆசிரியர்கள் சொல்வதன் காரணமும் இதுதான்.

இப்படிப்பட்ட கோட்டைக் கண்டுபிடிக்கும் முறையை, அதாவது கோட்டுக்கும் புள்ளிகளுக்கும் உள்ள இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் முறையை, 1805இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்த்ர் வெளியிட்டார். வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிடும் நூலின் பின்னிணைப்பாக அது வந்தது. பிசகுள்ள சில அளவுகளை வைத்துக்கொண்டு, அளக்காத நாளில் வால்நட்சத்திரம் எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஜோசியமா என்று கேட்டீர்களே, இந்த வேலைக்காகப் பிறந்த கணக்குதான் இது.

இனி அவளுடைய நல்ல கேள்வி. கோடு அதுவரைக்கும் போகும் என்று யாரும் சொல்லவில்லை, தேர்வும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதிலேயே 'கோட்டின்படி' என்று இருக்கிறது பாருங்கள். ஸ்பிரிங் நிஜமாக என்ன செய்யும் என்று அவளிடம் கேட்கவில்லை. இந்தக் கோடு என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்கிறார்கள். அதற்கு ஒரே விடைதான் உண்டு, அதனால் அது கணக்கு. அந்த 22ஐ எடுத்துக்கொண்டு 'ஸ்பிரிங் இவ்வளவு நீளும்' என்று வெளியே வந்து அடித்துச் சொன்னால்தான் சிக்கல் தொடங்குகிறது. 200 கிராமுக்கு அது சரியாகவே இருக்கலாம். அதே ஸ்பிரிங்கில் 5 கிலோ தொங்கவிட்டால் அது மீள்தன்மை எல்லையைத் தாண்டி இழுபட்டு, எடையை எடுத்த பிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் போகலாம். கோட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெருநகர மும்பையில் 1971இல் 59.7 லட்சம் பேர். 1981இல் 82.4 லட்சம், 1991இல் 99.3 லட்சம், 2001இல் 119.8 லட்சம். கிராஃப் தாளில் குறித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் வருகின்றன, பத்தாண்டுக்குச் சுமார் 20 லட்சம். 2011க்கு நீட்டச் சொன்னால் யாரும் 140 லட்சம் என்றுதான் போடுவார்கள், தேர்விலும் அதற்குத்தான் மதிப்பெண். 2011 கணக்கெடுப்பில் வந்ததோ 124.4 லட்சம். பதினைந்து லட்சம் பேர் குறைவு!

அவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு உங்கள் மகளே தன் உறவினர் வீடுகளை நினைத்துப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவாள். மாட்டுங்கா, சயான் பக்கம் இருந்த எத்தனை தமிழ்க் குடும்பங்கள் நகர எல்லைக்கு வெளியே டோம்பிவிலிக்குக் குடிபோயின! 1982 துணி ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பரேல், லால்பாக் பக்கத்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பிற்பாடு அந்த நிலங்களில் அலுவலகங்களும் மால்களும் எழுந்தன. சாதாரண சம்பளக்காரர் வீடு வாங்க நகர எல்லையைத் தாண்ட வேண்டியதாயிற்று. 2001க்கும் 2011க்கும் இடையில் தீவு நகரத்தின், அதாவது மும்பையின் பழைய தென்பகுதியின், மக்கள்தொகை 33.4 லட்சத்திலிருந்து 30.9 லட்சமாகக் குறைந்தே போனது. அதே பத்தாண்டில், அப்போது பால்கரும் சேர்ந்திருந்த தாணே மாவட்டம் 81 லட்சத்திலிருந்து 110 லட்சத்துக்கு மேல் போனது. நான்கு புள்ளிகளை மட்டும் பார்க்கிற கோட்டுக்கு வீட்டு விலையும் தெரியாது, தாணேயும் தெரியாது. 140 என்பது கோட்டின்படி சரியான விடை, 124.4 என்பது ஊரில் நடந்தது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள உங்கள் மகளால் முடிந்தால், சாட் தேர்வில் கேட்பதைவிடப் பெரிய விஷயத்தை அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

சரி, தேர்வுக்கு வருவோம். இப்போது சாட் கணினியில் நடப்பதால் ஸ்கேல் வைத்து நீட்டிப் பார்ப்பது நடக்காது. கோடு கட்டங்களின் மூலையில் சரியாக வெட்டும் இரண்டு இடங்களைத் தேடி ரஃப் தாளில் குறித்துக்கொண்டு, மற்றதைக் கணக்காலேயே நீட்ட வேண்டும். அந்த இரண்டு இடங்களும் கோட்டின் மேல் இருந்தால் போதும், அங்கே புள்ளி இருக்க வேண்டியதில்லை. தேர்வுச் செயலிக்குள் டெஸ்மோஸ் என்ற கிராஃப் கால்குலேட்டர் இருக்கிறது. புள்ளிகளை எல்லாம் அதில் தட்டிப் புதிதாக ஒரு கோடு வரவழைக்கச் சில பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும். வெறும் அட்டவணை தந்திருந்தால் செய்யலாம். கோடு ஏற்கெனவே வரைந்திருந்தால் வேண்டாம். கண்ணால் படித்த புள்ளிகளிலிருந்து வரும் கோடு, அவர்கள் போட்ட கோட்டைவிட்டுக் கொஞ்சம் விலகும், அந்தக் கொஞ்சத்தில் விடை மாறிவிடும்.

அச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் ஏமாறுகிறவர்கள்தான் இதில் அதிகம். இதே ஸ்பிரிங் கிராஃபின் கிடை அச்சு பூஜ்யத்துக்குப் பதிலாக 40இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு இடது ஓரத்தை 14இல் தொடும். எடையே இல்லாதபோது ஸ்பிரிங்கின் நீளம் என்ன என்று கேட்டால், பார்த்த மாத்திரத்தில் 14 என்று குறித்துவிடுவார்கள். ஒரு கிராமுக்கு 0.05 செ.மீ. என்பதால், 40 கிராம் பின்னால் போனால் 2 செ.மீ. குறையும். விடை 12. கோட்டைப் பின்னாலும் நீட்ட வேண்டிவரும் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

சாட் போலவே கல்லூரிச் சேர்க்கைக்கான ஏசிடி தேர்வும் எழுதுவாளானால், அதன் அறிவியல் பகுதியில் (2025இலிருந்து அது விருப்பப் பகுதி) இதே வேலை இன்னும் எளிது. சரியான எண்ணைக் கேட்காமல், 'கடைசி அளவைவிட அதிகமா, குறைவா, இந்த இரண்டுக்கும் நடுவிலா' என்ற ரீதியில் கேட்பார்கள். அங்கே கோடு எந்தப் பக்கம் போகிறது, வளைகிறதா, தட்டையாகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். வளைந்து தட்டையாகிற கோட்டை மட்டும் நேராக நீட்டிவிடக் கூடாது.

பயிற்சிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சாட் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு இலவசமாகவே கேள்வி வங்கி வைத்திருக்கிறது. அதில் கணக்குப் பகுதிக்குள் இந்த வகைக் கேள்விகளை மட்டும் தனியாக வடிகட்டி எடுக்கலாம். கான் அகாடமியிலும் உண்டு. வீட்டில் பயிற்சி செய்யும்போது, விடையைப் போட்ட பிறகு, இந்தக் கோடு எங்கே முறியலாம், ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உங்களோடு போட வேண்டிய சண்டையை அந்த வரியில் போட்டுக்கொள்ளட்டும். தேர்வு அறையில் அந்த வரி வேண்டாம். அங்கே 35 நிமிடத்தில் 22 கேள்விகள்.

அன்புடன்.