உப்புநீரின் உச்ச அடர்த்தி எந்த வெப்பநிலையில் வரும் என்பதைக் கணினியில் கண்டுபிடிப்பது எப்படி?

தூய நீர் 4 டிகிரி செல்சியஸில் உச்ச அடர்த்தியை எட்டும். உப்பு கரைந்தால் அந்தப் புள்ளி, செறிவுக்கு நேர்விகிதத்தில், கீழே இறங்கும். இதுதான் டெப்ரே விதி. கிலோவுக்கு 24.7 கிராம் உப்புள்ள கடல்நீரில் அது −1.33 டிகிரிக்கு வந்து உறைநிலையையே தொட்டுவிடுகிறது. மூலக்கூறு இயக்கவியலில் (அணுக்களின் அசைவைக் கணினியில் படிப்படியாகக் கணக்கிடும் முறை) இதைப் பிடிக்கலாம். பலர் சறுக்குவது நீர் மாதிரியில், அதாவது நீர் மூலக்கூறை நிரலுக்கு விவரிக்கும் எண்களின் தொகுப்பில்.

டிப்3பி (TIP3P) என்ற மாதிரி புரத வேலைக்குச் சரி, இதற்கு ஆகாது: அதன் உச்ச அடர்த்தி 182 கெல்வினில் கிடக்கிறது. எஸ்பிசி/ஈ (SPC/E) மாதிரிக்கு 241. டிப்4பி/2005 (TIP4P/2005) மாதிரிக்கு 278, உண்மை நீருக்கு 277. ஆகவே டிப்4பி/2005, கூடவே அதற்கென்றே உருவாக்கிய மாட்ரிட்-2019 (Madrid-2019) என்ற தொகுப்பின் அயனிகள். இதில் மின்னூட்டம் ±0.85. பிழை என்று நினைத்து ±1 ஆக்கிவிடாதீர்கள். சோடியம்–ஆக்சிஜன் போன்ற ஜோடிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதையும் தள்ளுவதையும் தீர்மானிக்கும் எண்களையும் தனியே கொடுங்கள். நிரல் தானே சராசரி எடுத்தால் அது வேறு உப்பு.

0.5 மோலாலுக்கு (ஒரு கிலோ நீருக்கு அரை மோல் உப்பு) 1110 நீர் மூலக்கூறுகள், 10 சோடியம், 10 குளோரைடு. எண்ணிக்கையாகவே கொடுங்கள், குரோமாக்ஸ் (GROMACS) நிரலில் செறிவைக் கொடுத்தால் பெட்டியின் கனஅளவை வைத்து மோலார் (லிட்டருக்கு இத்தனை மோல்) கணக்குப் போடும். பெட்டியின் பக்கம் சுமார் 3.2 நானோமீட்டர், வெட்டுத்தூரம் (இதற்கு அப்பால் அணுக்களுக்கிடையே விசையை நேரடியாகக் கணக்கிடுவதில்லை) 1 நானோமீட்டர், காலப்படி 2 ஃபெம்டோநொடி, அழுத்தம் 1 பார். நெடுந்தூர ஈர்ப்புக்கான திருத்தத்தை ஆற்றல், அழுத்தம் இரண்டுக்கும் போடுங்கள்.

உண்மையான தலைவலி புள்ளியியல். 0 டிகிரிக்கும் 4 டிகிரிக்கும் அடர்த்தி வித்தியாசம் வெறும் 0.00013 கிராம்/கன செ.மீ. இவ்வளவு சின்னப் பெட்டியிலோ அடர்த்தி கணத்துக்குக் கணம் 0.7 சதவீதம் ஆடும். உச்சியை ஒட்டியே புள்ளிகளைக் குவித்தால் இரைச்சல்தான் மிஞ்சும். 240 முதல் 310 கெல்வின் வரை 10 கெல்வின் இடைவெளியில், ஒவ்வொன்றும் 50 நானோநொடிக்குக் குறையாமல் ஓட்டி, முப்படிக் கோவை பொருத்தி, சரிவு பூஜ்யமாகும் இடத்தை எடுங்கள். குளிர்ந்த பக்கம் நீர் மந்தமாக நகரும். அங்கே இருமடங்கு நேரம் தேவை. உறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், இந்த நீர் மாதிரி இவ்வளவு நேரத்தில் உறையாது.

உப்பில்லாத பெட்டியையும் இதே அமைப்பில் ஓட்டி, அதிலிருந்துதான் கழிக்க வேண்டும். ஆய்வக 277-இலிருந்து அல்ல. இறக்கம் 6 கெல்வினை ஒட்டி வர வேண்டும். வெகுவாக விலகினால் சோடியம்–குளோரைடு ஆரப் பரவலை (ஓர் அயனியிலிருந்து எந்தத் தூரத்தில் மற்றது எவ்வளவு இருக்கிறது என்ற வரைபடம்) பாருங்கள்: அயனிகள் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் ஜோடி எண்களில்தான் கோளாறு.