தினமும் ஓடினால் சிகரெட்டின் கெடுதல் ஈடாகிவிடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. 18 வருடமாகச் சிகரெட் பிடிக்கிறேன். முன்பு ஒரு நாளைக்கு 20, இப்போது 8 ஆகக் குறைத்துவிட்டேன். வாரத்தில் 4 நாள் காலையில் 5 கிலோமீட்டர் ஓடுவேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் 15 கிலோமீட்டர். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் ஒரு திங்கட்கிழமை எடுத்த பரிசோதனையில் ஹெச்எஸ்-சிஆர்பி 6.8 என்று வந்து, உடலில் அழற்சி இருப்பதாகச் சொன்னார்கள். இவ்வளவு ஓடியும் சிகரெட்டின் பாதிப்பு ஈடாகவில்லையா? அல்லது ஓட்டம்தான் அழற்சிக்குக் காரணமா? இதைக் குறைக்க மாத்திரை உண்டா?

பதில்: முதலில் அந்த 6.8-ஐப் பார்ப்போம். சிஆர்பி என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். உடலில் எங்காவது அழற்சி, அதாவது காயத்துக்கோ தொற்றுக்கோ உடல் காட்டும் எதிர்வினை, நடந்தால் ரத்தத்தில் இதன் அளவு உயரும். அதை மிக நுட்பமாக அளக்கும் பரிசோதனைதான் ஹெச்எஸ்-சிஆர்பி. இதய நோய் அபாயத்தைக் கணிக்கும்போது, ஒரு லிட்டர் ரத்தத்தில் 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஏதோ தொற்றோ காயமோ இருக்கிறது என்று பொருள்.

நீங்கள் ரத்தம் கொடுத்தது திங்கட்கிழமை. அதாவது 15 கிலோமீட்டர் ஓடிய மறுநாள். நீண்ட ஓட்டத்துக்கு அடுத்த நாள் சிஆர்பி உயர்வது சகஜம், மாரத்தான் ஓடியவர்களுக்குப் பல மடங்குகூட ஏறும். அது தசைகள் தங்களைச் சீர்செய்துகொள்ளும் வேலை, சில நாட்களில் தானாக இறங்கிவிடும். ஆகவே அந்த ஒரு எண்ணை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். குறைந்தது 2 வாரம் கழித்து, சளி, காய்ச்சல், பல்வலி எதுவும் இல்லாத ஒரு நாளில், அதற்கு முந்தைய 3 நாட்கள் கடுமையாக ஓடாமல் இருந்து மறுபடி பாருங்கள். பல் ஈறுகளையும் காட்டிக்கொள்ளுங்கள். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் அதிகம், அதுவும் சிஆர்பியை உயர்த்தும்.

மறுபரிசோதனையில் எண் குறைந்து வரலாம். அதைப் பார்த்து நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. ஏனென்றால் சிகரெட் செய்யும் வேலை ஓட்டத்தால் ஏற்படும் உயர்வைப் போல 3 நாளில் அடங்குவதில்லை.

புகையில் 7,000-க்கும் அதிகமான வேதிப்பொருட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு இழுப்பிலும் அவை நுரையீரலின் காற்றறைகள் வரை போகின்றன. அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் இதை ஒரு தாக்குதலாக எடுத்துக்கொண்டு, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைப் பொருட்களை வெளியிடுகின்றன. அதைப் பார்த்து நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. அவை விடும் நொதிகள் நுரையீரல் திசுவையே அரிக்கின்றன. சமிக்ஞைகள் ரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்டியதும் அது சிஆர்பியையும், ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜெனையும் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. ரத்தக் குழாயின் உள்சுவர் சேதமாகிறது, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன. இதெல்லாம் வலியோ காய்ச்சலோ இல்லாமல் நடக்கும். அடுத்த சிகரெட் வந்துகொண்டே இருப்பதால் இந்தக் கிளர்ச்சி அடங்க நேரமே கிடைப்பதில்லை. உங்கள் பழைய ரத்தப் பரிசோதனைகளில் மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையைப் பாருங்கள். புகைப்பவர்களுக்கு அது புகைக்காதவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம்.

உடற்பயிற்சியிலும் இன்டர்லூகின்-6 உயர்கிறது என்பது கேட்பதற்கு வியப்பாக இருக்கும். நீண்ட நேர ஓட்டத்தில் 100 மடங்கு வரைகூட ஏறும். ஆனால் இங்கே அதை வெளியிடுவது உழைக்கும் தசை. டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட்டே பெடர்சன் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். தசையிலிருந்து வரும் இன்டர்லூகின்-6, அழற்சியைத் தணிக்கும் வேறு பொருட்களைத் தூண்டிவிட்டுச் சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. 2003-இல் வெளிவந்த அவர்களுடைய ஒரு பரிசோதனையில், ஆரோக்கியமானவர்களுக்குச் சிறிய அளவில் பாக்டீரியா நச்சைச் செலுத்தினார்கள். சும்மா இருந்தவர்களுக்கு டிஎன்எஃப் ஏறியது. 3 மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த ஏற்றம் அடங்கிப்போனது. இதோடு, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பும் ஓயாமல் அழற்சிப் பொருட்களைச் சுரக்கும். பயிற்சி அந்தக் கொழுப்பையும் கரைக்கிறது. மாதக்கணக்கில் பயிற்சி செய்பவர்களின் சிஆர்பி குறைவதற்குப் பெரிய பங்கு இதிலிருந்துதான் வருகிறது. எடையும் சேர்ந்து குறைந்தவர்களிடம் இறக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அப்படியானால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுமா? கட்டாது. ஓட்டம் நல்லது செய்கிறது. ஓடாமல் புகைப்பவரைவிட ஓடிக்கொண்டே புகைப்பவரின் நிலை மேல். ஆனால் காற்றறையில் படியும் புகையை ஓட்டம் அகற்றாது. அங்கே கூடியிருக்கும் நியூட்ரோபில்களைத் திருப்பி அனுப்பாது. அடுப்பில் தீயைக் குறைக்காமல் பானையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது போலத்தான் இது.

20-லிருந்து 8-க்கு வந்திருக்கிறீர்கள். அது சின்ன விஷயமில்லை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதயத்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு நாம் நினைப்பது போல வேலை செய்வதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை சொல்வது இது: ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆணுக்கும், 20 பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் மாரடைப்பு அபாயத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. ரத்தக் குழாய் சிறிய அளவுப் புகைக்கே பெரிய அளவில் எதிர்வினை காட்டுகிறது. எனவே எட்டை நான்காக்குவதைப் பற்றி யோசிக்காமல், முழுவதும் நிறுத்தும் ஒரு தேதியைக் குறியுங்கள்.

நிறுத்தியதும் என்ன நடக்கும்? ஓரிரு நாளில் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடும். ஓடுபவருக்கு இது முக்கியம், ஏனென்றால் அது ஆக்சிஜனுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு தசைகளைப் பட்டினி போடுகிறது. வெள்ளை அணு எண்ணிக்கை வாரங்கள், மாதங்களில் குறையும். சிஆர்பி முழுதாக இறங்கச் சில வருடங்கள்கூட ஆகலாம், அதனால் அடுத்த பரிசோதனையில் உடனே குறையவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்கள் 1,000 பேரிடம் செய்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்களிடம் காணப்படும் மிகையான அழற்சி எதிர்வினை நிறுத்தியதும் சீக்கிரம் மறைந்தது. ஆனால் முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களின் மீதான தாக்கம் வருடக்கணக்கில் நீடித்தது. நிறுத்துவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வயதுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2013-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 35-க்கும் 44-க்கும் இடையில் நிறுத்தியவர்கள், தொடர்ந்து புகைத்தவர்களைவிடச் சுமார் 9 வருட ஆயுளைத் திரும்பப் பெற்றார்கள்.

ஓட்டம் உங்களுக்கு உண்மையாகக் கைகொடுக்கப்போவது இங்கேதான். சிகரெட்டை விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ எடை கூடும். அந்த எடை, நிறுத்தியதால் கிடைத்த லாபத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். தொடர்ந்து ஓடினால் அந்த ஏற்றத்தை ஓரளவு கட்டுப்படுத்தலாம். அப்புறம், புகைக்கத் தோன்றும் அந்த நிமிடத்தில் 10 நிமிடம் வேகமாக நடந்தாலே தவிப்பு குறைகிறது. மன உறுதியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம், புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரை ஆகியவை வெற்றி வாய்ப்பை நன்றாகக் கூட்டுகின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்று உங்கள் மருத்துவரோடு பேசித் தொடங்குங்கள்.

ஓடும் அளவு போதும், கூட்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது, நீங்கள் அந்த அளவை எட்டிவிட்டீர்கள். 2 நாள் தசைப் பயிற்சி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். அழற்சியை மட்டும் அடக்கினால் பலன் உண்டா என்று 2017-இல் கேன்டோஸ் என்ற ஆய்வு பார்த்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்குக் கனாகினுமாப் என்ற அழற்சியை அடக்கும் ஊசி போட்டதில், கொழுப்பு குறையாமலே அடுத்த மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. புகையை நிறுத்தினால் அடங்கக்கூடிய ஒன்றுக்கு உங்களுக்கு அது தேவையில்லை. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை இதற்காக எடுக்கவே கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, ஏன் மாரடைப்பு அபாயமும்கூட அவற்றால் உயரும்.

ஒன்றை மட்டும் அடுத்த பரிசோதனை வரை தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, இருமலில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இவற்றில் எது தென்பட்டாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி ஓய்வெடுத்தும் விடவில்லை என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம்.