டாங்க்கில் ட்ரையம்ப், இன்ஜினில் பி.பி.31

கேள்வி: ஷெட்டில் பல வருடமாக நிற்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை விலைக்குக் கேட்டிருக்கிறேன். ஒற்றை சிலிண்டர், கியர் லீவர் வலது பக்கம். டாங்க்கில் ட்ரையம்ப் பட்டை இருக்கிறது, விற்பவரும் ட்ரையம்ப் என்றே சொல்கிறார். இன்ஜின் நம்பர் பி.பி.31 என்று தொடங்குகிறது. சேஸிஸில் சி.பி.31 என்று தொடங்கும் வேறொரு நம்பர். கூட வந்த மெக்கானிக், “நம்பர் ஒத்துப்போகவில்லை, இன்ஜின் மாற்றிய வண்டி, விட்டுவிடுங்கள்” என்கிறார். கிக்கரும் இறங்க மறுக்கிறது. போட்டோக்கள் இணைத்துள்ளேன். இது என்ன வண்டி? வாங்கலாமா?

பதில்: உங்கள் வண்டி ட்ரையம்ப் இல்லை. பர்மிங்காமில் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. பி31, 350 சி.சி. டாங்க்கில் இருக்கும் பட்டையை மறந்துவிடுங்கள். இரண்டு திருகு போதும், எந்தப் பெயரையும் அங்கே மாட்டிவிடலாம். 1950-களில் ட்ரையம்ப் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டிகள் டெரியரும் கப்பும்தான். இரண்டுமே 200 சி.சி.க்குள் அடங்கும் சிறிய வண்டிகள். உங்கள் போட்டோவில் இருப்பதோ உயரமான சிலிண்டர், தனியாக நிற்கும் கியர்பாக்ஸ், வலது பக்கம் சிலிண்டரை ஒட்டி மேலே ஏறும் புஷ்ராட் குழாய் (வால்வுகளைத் திறக்கும் கம்பிகள் ஓடும் குழாய்). அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியை நம்பர் சொல்லிவிட்டது.

வருடத்தை ஒரே பாகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் எப்போதும் மூன்று இடங்களைப் பார்ப்பேன். உங்கள் வண்டியில் பின் சக்கரம் ஸ்விங் ஆர்மில், அதாவது மேலும் கீழும் அசையும் கவட்டையில், இருக்கிறது. பி31-க்கு அது 1954 மாடலில் வந்தது. கார்புரேட்டர் அமல் மோனோபிளாக். மிதவை அறையும் உடலும் ஒரே வார்ப்பு. அது 1955-இல் வந்தது. அதற்கு முந்தைய அமலில் மிதவை அறை தனியாகத் தொங்கும். சிலிண்டருக்குப் பின்னால் லூகாஸ் மேக்டைனமோ இருக்கிறது. பிளக்குக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவும் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவும் சேர்ந்த பாகம் அது. 1958 மாடலில் பி.எஸ்.ஏ. அதைக் கைவிட்டு ஆல்டர்னேட்டருக்கு மாறியது. மூன்றையும் சேர்த்தால் 1955-க்கும் 1957-க்கும் இடையே வந்து நிற்கிறது. கார்புரேட்டரைப் பிற்பாடு யாரும் மாற்றியிருக்கலாம்தான். ஆனால் மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது நம்பலாம். அடுத்த முறை போகும்போது மேக்டைனமோவின் உடலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். லூகாஸ் தன் பாகங்களில் மாதத்தையும் வருடத்தையும் பதிப்பது வழக்கம்.

கையோடு 13, 14 மி.மீ. ஸ்பேனர்களையும் கொண்டுபோங்கள். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டியில் கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனருக்கான (பழைய பிரிட்டிஷ் அளவு, கால் அங்குலம் என்பது போல்ட்டின் தடிமன்) நட்டின் அகலம் 13.3 மி.மீ. அதில் 13 நுழையாது, 14 லொடலொடவென்று ஆடும். அப்படி ஆடினால் மகிழ்ச்சியடையுங்கள், அசல் நட்டுகள் இன்னும் இருக்கின்றன. எல்லா இடத்திலும் 13 கச்சிதமாக உட்கார்ந்தால், யாரோ மெட்ரிக் போல்ட் போட்டிருக்கிறார்கள். அலுமினியக் கேஸில் பழைய மரையைக் கெடுத்துப் புது மரை வெட்டினார்களா என்று அங்கே உற்றுப் பாருங்கள்.

இனி அந்த நம்பர் விஷயம். அதற்காக நல்ல வண்டிகளை எத்தனையோ பேர் விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. உங்கள் மெக்கானிக் சொன்னது ட்ரையம்புக்குப் பொருந்தும். அந்தக் கம்பெனி இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் ஒரே நம்பரைப் போட்டது. அந்தக் கால பி.எஸ்.ஏ. அப்படியில்லை. இரண்டுக்கும் தனித்தனி வரிசை. தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போதே நம்பர்கள் வேறாகத்தான் இருக்கும். எந்த இன்ஜின் எந்த சேஸிஸோடு போனது என்பது அனுப்புகைப் பதிவேட்டில்தான் இருக்கும். பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்தில் பி.எஸ்.ஏ. பதிவேடுகள் இருக்கின்றன. இரண்டு நம்பரையும் எழுதிக் கேளுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் அந்தப் பதில் வரும்வரை பொறுப்பதுதான் சரி.

நம்பர் ஒத்துப்போகிறதா என்பதைவிட, அது எப்படி இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். எழுத்துகள் கொஞ்சம் கோணலாக இருந்தால் பயப்படாதீர்கள், கையால் அடித்தவை. ஆனால் நம்பரைச் சுற்றியுள்ள இடம் மட்டும் பள்ளமாகவோ அரம் போட்டதுபோல் பளபளப்பாகவோ இருந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். பதிவுச் சான்றில் உள்ள நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வண்டியோடு ஒப்பிடுங்கள். சான்றில் ட்ரையம்ப் என்று இருந்தால், அதைத் திருத்தித் தரும் பொறுப்பு விற்பவருடையது. பணம் கைமாறுவதற்கு முன்பே அது முடிய வேண்டும். பிறகு தரையில் படுத்து கிராங்க் கேஸின் அடியைப் பாருங்கள். இடது, வலது பாதிகளை ஜோடியாகவே கடைந்ததால் இரண்டிலும் ஒரே ஜோடி எண் அடித்திருப்பார்கள். அது வேறுபட்டால் இரண்டு இன்ஜின்களிலிருந்து ஒன்று செய்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

கிக்கர் இறங்காததற்காக விலகாதீர்கள். மேலே ஏறி நின்று மிதிக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றி, துளை வழியே மெல்லிய எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிடச் சொல்லுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விடுபடும். விடாவிட்டாலும் ரீபோர் வேலை (சிலிண்டரின் உட்புறத்தைச் சற்றுப் பெரிதாகக் கடைவது) என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னாளில் ஹெட்டைக் கழற்றும்போது அளந்து பாருங்கள்: போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 71 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88. ரீபோர் செய்திருந்தால் போர் சற்றுக் கூடும், ஸ்ட்ரோக் மாறாது. போர் 85 வந்தால் உங்களிடம் இருப்பது 500 சி.சி. பி33-இன் சிலிண்டர்.

விலையைப் பொறுத்தவரை என் அளவுகோல் முழுமைதான். தேய்ந்த பாகத்தைச் சரிசெய்துவிடலாம், இல்லாத பாகத்தைத் தேடி அலைய வேண்டும். உங்கள் போட்டோவில் ஸ்பீடோமீட்டர் இல்லை, டூல்பாக்ஸ் மூடி இல்லை, முன் மட்கார்டு வேறு வண்டியுடையது. மேக்டைனமோ, கார்புரேட்டர், ஹெட்லைட் கூடு மூன்றும் இருக்கின்றன. இல்லாத ஒவ்வொன்றுக்கும் விலை விசாரித்து எழுதி, அந்தக் காகிதத்தோடு போய்ப் பேசுங்கள். ஒரு சிறு காந்தத்தையும் எடுத்துப்போய் டாங்க்கின் அடிப்பக்க விளிம்பு முழுவதும் ஓட்டுங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே பெயின்டுக்கு அடியில் இரும்பு இல்லை, பட்டிதான்.

பதிவேட்டுப் பதில் சாதகமாக வந்து, ஜோடி எண்ணும் ஒத்துப்போனால் வாங்குங்கள். பி31 பொறுமையான, பழுதுபார்க்க எளிதான வண்டி. எனக்கு மிகவும் பிடித்த இன்ஜின்களில் ஒன்று.

கேள்வி: ‘கோல்ட் ஸ்டார்’ என்று ஒரு வண்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. பார்க்க அப்படியே இருக்கிறது. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பெரிய டாங்க்கையும் குட்டை ஹேண்டில்பாரையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோல்ட் ஸ்டார் பி.எஸ்.ஏ.வின் ஸ்போர்ட்ஸ் மாடல். மேலே சொன்ன பி31-க்கும் அதன் அண்ணன் பி33-க்கும் அந்த வேஷம் போடுவது வழக்கம். அசல் கோல்ட் ஸ்டாரின் இன்ஜின் நம்பரில் ஜி.எஸ். என்ற எழுத்துகள் இருக்கும். கடைசி 500 சி.சி. மாடலில் அது டி.பி.டி.34 ஜி.எஸ். அசலில் சிலிண்டரும் ஹெட்டும் அலுமினியம், புஷ்ராட் பாதை சிலிண்டரோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. தனிக் குழாய் தெரிந்தால் அது கோல்ட் ஸ்டார் இல்லை. பி33 விலைக்குக் கேட்டுப் பாருங்கள், கொடுத்தால் வாங்குங்கள்.