மறு: இலவம்பாடி முள்ளுக்கத்தரியில் மாவுப்பூச்சி போக மாட்டேங்குது

வேலூர் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரியில் மூணு தடவை மருந்தடிச்சும் வெள்ளை மாவுப்பூச்சி திரும்ப வருது, இலையும் கறுக்குதுன்னு கேட்டிருந்தீங்க. மருந்தை மாத்தாதீங்க, முதல்ல எறும்பைத் தடுங்க. மூணு தடவை அடிச்சும் பூச்சி திரும்புதுன்னா, பெரும்பாலும் அதுக்குக் காவல் இருக்கு. மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு வருது. பதிலுக்கு, மாவுப்பூச்சியைத் தின்ன வர்ற பொறிவண்டை விரட்டுது, மாவுப்பூச்சிக் குஞ்சுகளைப் பக்கத்துச் செடிக்கும் தூக்கிட்டுப் போகுது. நீங்க சொன்ன இலைக் கறுப்பும் அந்த இனிப்பில் வளர்ற பூசணம்தான்.

வெயில் ஏறுமுன் தண்டைப் பாருங்க. வரிசையா எறும்பு ஏறினா புற்றைத் தேடிக் கலைச்சுடுங்க, தரை தொடும் கிளைகளைக் கழிங்க. அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோட. இலையின் அடிப்பக்கம் நனையணும். சாயங்காலம் மட்டும். வேலூர் வெயிலில் பகல்ல அடிச்சா இலை கருகும்.

ஒண்ணு, வெள்ளையா இருக்கிறதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. கொஞ்சம் பெரிசா, நீள இழைகளோட, தொட்டா விறுவிறுன்னு நகர்ந்தா அது மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் புழு. நசுக்கிடாதீங்க.