ஆய்வும் ஆசிரியரின் நேரமும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பல ஆண்டுகளாக நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். கல்வி ஆய்வுகள் குறித்து நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். இவ்வாண்டு எங்கள் பள்ளி நிர்வாகம், மாணவர் நலவாழ்வு பற்றிய ஆய்வுகளைச் சுட்டிக்காட்டி, வாரம் ஒரு நலவாழ்வுப் பாடவேளையைத் தொடங்கியது. அரைநாள் பயிற்சியும் ஒரு கையேடும் தந்து, வகுப்பாசிரியர்களே அதை நடத்த வேண்டும் என்றார்கள். மாதந்தோறும் பிள்ளைகள் ஒரு வினாப்படிவத்தை நிரப்ப வேண்டும்; அதை நாங்கள் கணினியில் ஏற்ற வேண்டும். சென்ற மாதம் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ், இதில் எதை வட்டமிட்டால் சரி?" என்று கேட்டான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வகுப்பறையையே பார்க்காதவர்கள் எழுதுவதுதான் ஆய்வு என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆய்வுகள் உண்மையிலேயே பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் உதவுமா? உதவும் என்றால், ஏன் எப்போதும் இன்னொரு சுமையாகவே வந்து சேர்கின்றன? வரும் ஆசிரியர் கூட்டத்தில் நான் என்ன சொல்லலாம்?

(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட ஆசிரியை)

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். ஆய்வுகள் உதவும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் உங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்திருப்பது ஆய்வின் தலைப்பு மட்டும்தான். எந்தெந்த நிபந்தனைகள் நிறைவேறியபோது அந்த ஆய்வில் பலன் தெரிந்ததோ அவை வழியிலேயே விடுபட்டுப்போயிருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது ஆசிரியரின் நேரம். ஒரு திட்டத்தை யார் நடத்துவார், எந்த நேரத்தில் நடத்துவார், அதற்காக அவருடைய எந்த வேலை குறைக்கப்படும் ஆகிய கேள்விகளை நிர்வாகங்கள் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகின்றன. ஆய்வுகளை முழுதாக வாசித்தால், பலன் கிடைத்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அந்தக் கேள்விகளே தீர்மானித்திருப்பது தெரியும்.

பிள்ளைகளின் நலனையும் ஆசிரியரின் நலனையும் இரண்டு தனித் திட்டங்களாகப் பார்க்கும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். கனடாவில் 17 வகுப்பறைகளைச் சேர்ந்த நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆசிரியருக்குப் பணிச்சோர்வு அதிகமாக இருந்த வகுப்புகளில், குழந்தைகளின் உமிழ்நீரில் காலை நேரத்தில் இருந்த கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனின் அளவும் அதிகமாக இருந்தது. எது எதற்குக் காரணம் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. சோர்ந்த ஆசிரியர் பிள்ளைகளை வாட்டினாரா, வாட்டமுற்ற பிள்ளைகளைச் சமாளித்தே ஆசிரியர் சோர்ந்தாரா என்பது திறந்த கேள்விதான். எப்படியிருந்தாலும் இருவரும் ஒரே அறையில் ஒன்றாக வாடுகிறார்கள். பிள்ளைகளின் நலனுக்காக என்று சொல்லி ஆசிரியரின் மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளும் திட்டம், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறது.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது என்று நான் கருதும் ஆய்வு பீகாரில் நடந்தது. 'சேஹர்' என்ற அந்தத் திட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவில், உளவியல் பட்டம் இல்லாத, ஆனால் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பள்ளிக்கு ஒருவராகப் பணியாற்றினார். இன்னொரு பிரிவில் அதே திட்டத்தை, பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வழக்கமான வேலைகளோடு சேர்த்து நடத்தினார். மூன்றாவது பிரிவில் வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்புகள் மட்டும். மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் பெட்டி, சுவர் இதழ், சிறு குழுக்கள், தனிப்பட்ட ஆலோசனை ஆகியவை எல்லாம் முதல் இரு பிரிவுகளுக்கும் பொதுவானவை. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச்சூழல் தெளிவாக மேம்பட்டது, மனச்சோர்வின் அறிகுறிகளும் சக மாணவர்களின் கொடுமைப்படுத்தலும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அதே கையேடு, அதே பெட்டி, அதே சுவர் இதழ்தான்.

ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுபவர்களை நான் ஏற்க மாட்டேன். ஒருவருக்கு அது முழுநேர வேலை. மற்றவருக்கு ஏற்கெனவே நிரம்பிய நாளில் திணிக்கப்பட்ட கூடுதல் வேலை. மதிப்பெண் போடுபவரிடமே மனக்குறையைச் சொல்லப் பிள்ளைகள் தயங்குவதும் இயல்புதான். 2011இல் வெளியான, உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் 213 சமூக, உணர்வுசார் கற்றல் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்த புகழ்பெற்ற ஆய்வு, வகுப்பாசிரியர்களே நடத்திய திட்டங்கள் நல்ல பலன் தந்ததைக் காட்டியது. செயல்படுத்துவதில் இடர்கள் இருந்த இடங்களில் பலன் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே ஆசிரியரால் முடியும்; அதற்கு இடம் செய்து தர வேண்டும்.

இடம் செய்து தந்தாலும் எல்லாம் பலித்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 'மிரியட்' என்ற பெரிய ஆய்வு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வளரிளம் மாணவர்களிடம் மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் கவனப் பயிற்சியைச் சோதித்தது. ஆசிரியர்களுக்கு அரைநாள் அல்ல, பல வாரப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அப்படியிருந்தும் 2022இல் வெளியான முடிவில், வழக்கமான வகுப்புகளைவிட அது மாணவர்களின் மனநலத்தை மேம்படுத்தவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை. ஆசிரியர்களின் பணிச்சோர்வு உடனடியாகச் சற்றுக் குறைந்தது, ஓராண்டில் அந்தப் பலனும் மறைந்தது. இதைத் தோல்வி என்று ஒதுக்காமல் அந்த ஆய்வாளர்கள் முழுமையாக வெளியிட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆய்வை மேற்கோள் காட்டும் நிர்வாகம் இந்த வகை முடிவுகளையும் சேர்த்தே மேற்கோள் காட்ட வேண்டும்.

இனி உங்கள் மாணவனின் கேள்வி. அந்தப் படிவத்தைப் பற்றி இதுவரை கிடைத்த மிகத் துல்லியமான தகவல் அதுதான். பள்ளியில் தரப்படும் தாள் எதுவானாலும் அதற்குச் சரியான விடை உண்டு என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். யார் இதை வாசிப்பார், வாசித்து என்ன செய்வார் என்பது அவனுக்குத் தெரியாது. எனவே அவன் உள்ளதை எழுத மாட்டான், எதிர்பார்க்கப்படுவதை எழுதுவான். அவனுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண், "மனம்விட்டுப் பேச எனக்கு ஒருவர் இருக்கிறார்" என்ற வரிக்கு எதிரே "ஒருபோதும் இல்லை" என்பதை வட்டமிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தை நீங்கள் கணினியில் ஓர் எண்ணாக ஏற்றுகிறீர்கள், அது ஏதோ ஒரு சராசரிக்குள் கரைந்துபோகிறது. அவளோ ஒருவரிடம் சொல்லிவிட்டதாக நினைத்துக் காத்திருக்கிறாள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது, கேட்காமல் இருப்பதைவிட அவளுக்கு அதிகத் தீங்கு என்பது என் உறுதியான எண்ணம். பதிலைப் பார்த்து அடுத்து ஆவன செய்வதற்கு ஆளும் வழியும் இல்லாத வினாப்படிவத்தை எந்தப் பள்ளியும் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.

கூட்டத்தில் பேச நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். திட்டத்தை எதிர்த்துப் பேச வேண்டாம். அதே நேரத்தைக் கொண்டு குறைவாகவும் நன்றாகவும் செய்ய அனுமதி கேளுங்கள். படிவம் மாதாமாதம் வேண்டாம், பருவத்துக்கு ஒருமுறை போதும். அதை யார் வாசிப்பார், உதவி தேவைப்படும் பிள்ளையை எத்தனை நாளுக்குள் யார் சந்திப்பார் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துப் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும். கணினியில் ஏற்றும் வேலையை அலுவலகம் எடுத்துக்கொள்ளட்டும். மிச்சமாகும் நேரத்தில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து, தங்களுக்கு உண்மையிலேயே விடை தேவைப்படும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். மதிய இடைவேளைக்குப் பிந்தைய பாடவேளையில் யார் ஒதுங்கி உட்காருகிறார்கள் என்று சில வாரங்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்து, இருக்கைகளை மாற்றிய பின் மறுபடி பார்ப்பது போன்ற எளிய வேலைகூடப் போதும்.

சிறிய மாற்றங்களை ஏளனமாக நினைக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களில் ஒரு பிரிவினர் இரண்டு குறுகிய இணையவழி அமர்வுகளில், தவறு செய்யும் மாணவனின் பக்கத்திலிருந்து பார்ப்பது பற்றி வாசித்து, தாம் எப்படி நடந்துகொள்வோம் என்று எழுதினார்கள். அவர்களிடம் படித்த மாணவர்களில் அவ்வாண்டு இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் 4.8 சதவீதம், மற்ற கணித ஆசிரியர்களிடம் படித்தவர்களில் அது 9.6 சதவீதம். ஐந்து பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வை எல்லா வகுப்பறைகளுக்கும் அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் ஆசிரியரின் மாலைப்பொழுதைக் கேட்காத ஒரு திட்டம் இது என்பதற்காகவே நான் இதை விரும்புகிறேன்.

உங்கள் சக ஆசிரியர்களின் கசப்புக்கும் நியாயம் இருக்கிறது. ஆய்வாளர்கள் பலர் பள்ளிக்கு வந்து தரவைச் சேகரித்துக்கொண்டு போன பின் திரும்பி வருவதே இல்லை. கட்டுரை வெளியாகிறது, அதை எழுத உதவிய வகுப்பறைக்கு ஒரு பக்கச் சுருக்கம்கூட வருவதில்லை. ஆகவே அடுத்த முறை யாராவது உங்கள் பள்ளியில் ஆய்வு நடத்த ஒப்புதல் கேட்டு வந்தால், கேள்விகளை அமைக்கும் கட்டத்திலேயே ஓர் ஆசிரியரை உடன் வைத்துக்கொள்வார்களா என்றும், எந்த மாதத்தில் முடிவுகளோடு வந்து உங்கள் முன் அமர்ந்து பேசுவார்கள் என்றும் கேட்டு, இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகே நிர்வாகத்தைக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

அன்புடன்.