ஆறு மாதத்தில் அனுமதி என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கலிபோர்னியாவின் நாப்பா கவுண்டியில் மலைச்சரிவில் 40 ஏக்கர் வாங்கப் பேசி முடித்திருக்கிறோம். பாதி புல்வெளி, மீதி ஓக்கும் ஃபர் மரங்களும். 15 ஏக்கரில் திராட்சை வைக்க ஆசை. ஏஜென்ட் காட்டிய ஆலோசகர் ஆறு மாதத்தில் அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். அதற்குள் மரங்களை 'தீத்தடுப்பு' என்று சொல்லி வெட்டி வைத்துவிடலாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். மரத்திலும் கை வைக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நாப்பாவில் 5 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள நிலத்தில் புதிதாகத் திராட்சை வைக்க, மண்ணரிப்புத் தடுப்புத் திட்டம் தயாரித்து கவுண்டியின் ஒப்புதல் வாங்க வேண்டும். 1991 முதல் இருக்கும் ஏற்பாடு இது. மலையைக் கிளறினால் மழையில் மண் ஓடைக்கு இறங்கி, மீன் முட்டையிடும் கூழாங்கல் படுகையை மூடிவிடும். கீழே குடிநீர்த் தேக்கம் இருந்தால் அதுவும் சேறாகும். விதியின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒப்புதலோடு சீக்வா என்னும் மாநிலச் சுற்றுச்சூழல் சட்டத்தின் ஆய்வும் சேர்ந்து வரும். காலம் போவது அங்கேதான்.

அந்த ஆய்வின் வேகத்தை ஆலோசகரின் செல்வாக்கு தீர்மானிப்பதில்லை. அரிய செடிகள் இருக்கின்றனவா என்று பார்க்க அவை பூக்கும் பருவத்தில்தான் நிபுணர் நிலத்தில் நடக்க முடியும். இந்த வசந்தம் தவறினால் அடுத்த வசந்தம்தான். உங்கள் நிலத்தில் ஃபர் மரங்கள் இருப்பதால், சட்டம் பாதுகாக்கும் பறவையான புள்ளி ஆந்தையையும் தேட வேண்டி வரலாம். அந்தக் கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுப் பருவங்களுக்குக் கூட நீளும். ஆந்தையிடம் ஆள் வைத்துப் பேச முடியாது. எல்லாம் முடிந்து ஒப்புதல் அறிவிப்பு பதிவான பிறகும், எதிர்ப்பவர்கள் வழக்குப் போட 30 நாள் உண்டு. ஆகவே அனுமதி கைக்கு வருமுன் கன்றுகளுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்துவிட்டு, நட இடமில்லாமல் கன்றுகளை நாற்றங்காலிலேயே காய விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பொறுமை இழக்க வைப்பது அலுவலகங்களின் எண்ணிக்கை. கவுண்டி ஒன்று, ஓடையைத் தொட்டால் மாநில மீன்வள வனவிலங்குத் துறை, ஐந்து ஏக்கருக்கு மேல் திராட்சை என்றால் வட்டார நீர்த்தரக் கழகம், ஃபர் காட்டைத் தோட்டமாக்க கால்ஃபயர் என்னும் மாநில வன, தீயணைப்புத் துறை. ஒரே மலை, ஒரே வரைபடம். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனி அளவில் கேட்பார்கள், ஒருவர் முடிவுக்கு இன்னொருவர் காத்திருப்பார். அந்த மாதங்களில் ஒரு பிடி மண்ணும் காப்பாற்றப்படுவதில்லை. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க இத்தனை ஆண்டுகளில் வழி கண்டிருக்க வேண்டும்.

சரி, மரங்கள். 2019இல் வந்த விதிப்படி நிலத்தில் மரக்கவிகை, அதாவது மரங்களின் கிளையும் இலையும், மூடிய பரப்பில் 70 சதவீதம் அப்படியே நிற்க வேண்டும். முன்கூட்டியே வெட்டி வெறும் நிலமாகக் காட்டினாலும், கணக்கு பழைய வான்படத்தை வைத்துத்தான் எடுக்கப்படும். தீத்தடுப்புக்குச் செடிகொடிகளைக் குறைப்பது வீட்டைச் சுற்றி 100 அடிக்குத்தான். மலை முழுவதற்கும் அல்ல. வெட்டச் சொன்ன ஆலோசகர் அப்புறம் தொலைபேசியை எடுக்க மாட்டார். வேலை நிறுத்த உத்தரவு உங்கள் பெயரில் வரும்.

'15 ஏக்கர் நடக்கூடியது' என்று ஏஜென்ட் சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் சரிவான பகுதியை மறந்துவிடுங்கள். இங்கே பலர் ஏமாறுவது டிகிரியில். சதவீதம் என்பது 100 அடி கிடையாகப் போனால் எத்தனை அடி ஏறுகிறோம் என்பது. 30 சதவீதம் என்றால் சுமார் 17 டிகிரிதான். கைப்பேசியில் 20 என்று காட்டினால் '30க்குள் இருக்கிறதே' என்று மகிழ்ந்துவிடுவார்கள். அந்த 20 டிகிரி உண்மையில் 36 சதவீதம். நிலம் முழுவதற்குமான சராசரி சரிவையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். நடப்போகும் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக அளந்த வரைபடம் கேளுங்கள். பிறகு ஓடைக்கரையில் சரிவைப் பொறுத்து 35 முதல் 150 அடி வரை விட வேண்டும். இத்தனையும் கழித்தால் 15 ஏக்கர் 7 ஆகலாம்.

ஒரே ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு. நீங்கள் சொன்ன புல்வெளியில் முன்பு திராட்சைத் தோட்டம் இருந்ததா? பழைய தோட்டத்தை அதே எல்லைக்குள் மறுநடவு செய்வது புதுத் தோட்டத்தைவிட மிக எளிது. அதற்கும் மண்ணரிப்புத் திட்டம் வேண்டும், ஆனால் சீக்வாவின் பாரம் பெரும்பாலும் விலகிவிடும். அதே எல்லை என்றால் அதே எல்லைதான். இரண்டு வரிசை கூடுதலாக மேலே ஏறினாலும் அந்தப் பகுதி புதுத் தோட்டம். வரிசைக் கடைசியில் டிராக்டர் திரும்பும் இடத்தை அகலப்படுத்தினாலும் கேள்வி வரும். பழைய தோட்டம் இருந்ததற்கு விற்பவரின் வாய்ச்சொல் போதாது, ஏஜென்டின் விளம்பரப் படமும் போதாது. கவுண்டியில் முந்தைய திட்டக் கோப்பு இருக்கிறதா என்று நீங்களே எழுதிக் கேளுங்கள், தேதியிட்ட வான்படங்களோடு ஒப்பிடுங்கள். கோப்பில் 4 ஏக்கர் என்றிருந்தால் உங்களுக்கு 4 ஏக்கர்தான்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை அல்லவா? விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள்: சரிவு அளவு, நிலத்தடி நீர் ஆய்வு, தாவர ஆய்வு மூன்றின் முடிவும் பார்த்த பிறகே வாங்குவது, சரிப்படாவிட்டால் கட்டிய பணம் திரும்ப வேண்டும். விற்பவர் மறுத்தால் விலையைக் குறைத்துப் பேசாதீர்கள், வேறு நிலம் பாருங்கள். ஒப்புக்கொண்டால், ஆலோசகருக்குத் தர வைத்திருந்த பணத்தில் உரிமம் பெற்ற ஒரு சிவில் பொறியாளரையும் ஒரு தாவரவியல் நிபுணரையும் நீங்களே நேரடியாக அமர்த்துங்கள். பிப்ரவரிக்குள் அமர்த்தினால் இந்த வசந்தத்தின் பூக்கள் கைக்குக் கிடைக்கும்.