பதிவேட்டுக்கு முந்திய பெயர்கள்

கேள்வி: கொள்ளுத்தாத்தா காலத்தில் எங்கள் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்தது. அதற்கு முந்திய எதையும் வீட்டில் பேசமாட்டார்கள். முன்னோர் வழக்கங்களைப் பற்றிச் சபையில் கேட்டால், "பழைய மனுஷனைக் களைந்துபோடு" என்கிறார்கள். ஞானஸ்நானம் பெறாத உறவினர்களோ, "நீங்கள் அந்நியராகிப் போனவர்கள்" என்கிறார்கள். எனக்கு வேற்று மொழிப் பெயர். அதைத் தாய்மொழியில் மாற்றிக்கொள்ளலாமா? நான் யார் என்பதை எங்கிருந்து தேடத் தொடங்குவது?
(வாசகர், வயது 27)

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, பெயர் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். மனம் திரும்பியதும் சவுல் பவுலாகப் பெயர் மாறினார் என்று பலரும் நம்புகிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. "பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்" என்றுதான் அப்போஸ்தலர் 13:9-ல் இருக்கிறது. எபிரெயப் பெயர் ஒன்று, ரோமப் பெயர் ஒன்று, இரண்டும் அவருடையவை. ஆதிசபையில் போதித்த அப்பொல்லோவின் பெயரில் கிரேக்கத் தெய்வம் அப்போலோ இருக்கிறது. பவுலின் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்துவின் பெயரில் கிரேக்கத் தேவி அஃப்ரோடைட் இருக்கிறது. ஆதிசபை இவர்கள் யாருக்கும் வேறு பெயர் வைத்ததாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு வரியும் இல்லை. எனவே தாய்மொழிப் பெயர் வைத்துக்கொள்வது விசுவாசத்தை விடுவதாகாது. இருக்கும் பெயரோடு வாழ்வதும் வேரை மறப்பதாகாது. ஆனால் இப்போதே மாற்றாதீர்கள். அந்தப் பெயரை உங்களுக்கு யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று தெரிந்தபின் முடிவெடுங்கள். முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றவரின் பெயரே உங்களுக்கு வந்திருக்கலாம்.

அடுத்து "பழைய மனுஷன்". கொலோசெயர் 3-ஐ எடுத்து வாசியுங்கள். களையச் சொல்லும் பட்டியலில் கோபம், மூர்க்கம், பொருளாசை, பொய் ஆகியவை இருக்கின்றன. மொழியோ, பாட்டோ, உடையோ, மூத்தோரை வணங்கும் மரியாதையோ அதில் இல்லை. மத்தேயு தன் நூலையே வம்ச அட்டவணையோடு தொடங்குகிறார். பதினான்கு பதினான்காக மூன்று தொகுதித் தலைமுறைகள். அதில் கானானியப் பெண் ராகாப் இருக்கிறாள், மோவாபிய ரூத் இருக்கிறாள். சங்கடமான பெயர்களை மறைக்காத அட்டவணை அது. உங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒன்றை எழுதுங்கள்.

தேடலை உணர்விலிருந்து தொடங்காதீர்கள், ஆளிடமிருந்து தொடங்குங்கள். குடும்பத்தில் வயதில் மூத்தவரிடம் இந்த வாரமே போங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். "ஏன் மதம் மாறினீர்கள்?" என்ற கேள்வி வாயை அடைத்துவிடும், அதைக் கேட்க வேண்டாம். முதலில் ஞானஸ்நானம் பெற்றது யார்? அதற்கு முன் அவர் பெயர் என்ன? அன்றைக்கு யார் கூட வந்தார்கள், யார் பேச்சை நிறுத்தினார்கள்? எந்தப் பாட்டு வீட்டில் நின்றுபோனது? விடச் சொன்னது யார்? இப்படிக் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி போங்கள். முதல் நாள் வராத பெயர்கள் இரண்டாம் நாள் வரும்.

பிறகு சபைப் பதிவேடு. ஞானஸ்நானப் பதிவில் பொதுவாகப் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர் அல்லது சாட்சிகள், நடத்திய குருவானவர் ஆகிய விவரங்கள் இருக்கும். ஊரும் தொழிலும் சேர்ந்திருப்பதும் உண்டு. பெரியவராகி ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் முந்திய பெயரும் கிடைக்கலாம். கத்தோலிக்கப் பதிவேடு என்றால் ஓரக்குறிப்பை விடாதீர்கள். உறுதிபூசுதலும் திருமணமும் அங்கேதான் குறிக்கப்படும். "எங்கள் குடும்பப் பதிவுகள் எல்லாம் வேண்டும்" என்று கேட்டால் எந்த அலுவலகமும் திணறிப்போகும். ஒரே ஒருவர் பெயர், உத்தேச ஆண்டு, அதற்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து ஆண்டுகள் என்று எழுதிக் கேளுங்கள். சபையில் இல்லையென்றால் மறைமாவட்ட அல்லது பேராய ஆவணக்காப்பகத்துக்குப் போயிருக்கலாம்.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில். வேற்று மொழிக் குருவானவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே ஆள் மூன்று பதிவுகளில் மூன்று விதமாக இருப்பார். பெயர் ஒத்துப்போனது மட்டும் போதாது, பெற்றோர் பெயரோ சாட்சியின் பெயரோ ஒன்றாவது பொருந்த வேண்டும். ஞானஸ்நான ஆண்டைப் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. குடும்ப வேதாகமத்தின் முதல் தாளில் பிறப்பு விவரங்கள் எழுதியிருந்தால், அந்தப் பிரதி அச்சான ஆண்டைப் பாருங்கள். அதற்கு முந்திய தேதிகள் எல்லாம் ஒரே மையில் இருந்தால், அவை நினைவிலிருந்தோ வேறொரு தாளிலிருந்தோ பின்னால் எழுதப்பட்டவை. கல்லறைக் கல்வெட்டைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுங்கள், தேய்ந்த எழுத்தும் தெரியும். கம்பித் தூரிகை, அமிலம், சுண்ணக்கட்டி எதையும் கல்லில் படவிடாதீர்கள்.

வழக்கங்களைச் சலிப்பதுதான் கடினம், அதில் அவசரம் கூடாது. முன்னோருக்குச் செய்யும் மரியாதை வழிபாடா, குடும்பக் கடமையா என்று சீனக் கிறிஸ்தவர்களை முன்வைத்து ஒரு பெரும் விவாதம் நடந்தது. 1704-ல் ரோமிலுள்ள கத்தோலிக்கத் தலைமை அந்தச் சடங்குகளைத் தடை செய்தது, 1939-ல்தான் அனுமதித்தது. ஒவ்வொரு வழக்கத்தையும் தனித்தாளில் எழுதுங்கள். இது யாரை நோக்கிச் செய்யப்படுகிறது? என்ன சொல்கிறது? யாரையாவது தாழ்த்துகிறதா? வேறொன்றுக்கு ஆராதனையாக இருந்தால் உங்களுக்கு அது இல்லை. பிறப்பை வைத்தோ, பெண் என்பதாலோ ஒருவரைத் தள்ளி நிறுத்துகிறதென்றால், எவ்வளவு பழமையானாலும் அது வேண்டாம். அந்த அவமானத்திலிருந்து தப்பித்தே பலர் கிறிஸ்துவிடம் வந்தார்கள். மற்றவை உங்கள் சொத்து.

அதே சல்லடையில் சபை வழக்கங்களையும் போடுங்கள். மணமகளின் வெள்ளை உடை, 1840-ல் விக்டோரியா அரசியின் திருமணத்துக்குப் பிறகு பரவிய நாகரிகம். கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானியர் தந்தது. இவற்றில் தவறு ஏதுமில்லை. ஆனால் இவை சுவிசேஷமல்ல. அதைக் கொண்டுவந்தவர்களின் கலாச்சாரம். அவர்களுடையது பலிபீடம் வரை வரலாம், உங்களுடையது வாசலில் நிற்க வேண்டும் என்பதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. புறஜாதியார் யூதராக மாறிய பிறகுதான் கிறிஸ்தவராக வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டியதில்லை என்று அப்போஸ்தலர் 15-லேயே தீர்ப்பாகிவிட்டது. விலகச் சொன்னது நான்கே காரியங்களிலிருந்து: விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம்.

ஒன்றில் மட்டும் கவனம். விலை கொடுத்து ஒன்றை விட்டவர்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருப்பார்கள். பாட்டி அழுதுகொண்டே விட்ட தாளக்கருவியை அவர் முன்னால் கொண்டுவந்து தட்டாதீர்கள். ஒருவர் மனச்சாட்சியை மற்றவர் இடறச் செய்யக் கூடாது என்று சொல்லும் ரோமர் 14-ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள், அவர் மனச்சாட்சிக்கு நேரம் கொடுங்கள். போதகரிடமும் மறைக்காமல், எழுதிய தாள்களோடு போய்ப் பேசுங்கள்.

கொள்ளுத்தாத்தாவின் பதிவு உங்கள் விசுவாசமாகிவிடாது. தேவனுடைய பிள்ளைகள் இரத்தத்தினாலே பிறந்தவர்கள் அல்ல என்கிறது யோவான் 1:13. எனவே தேடலோடு ஜெபமும் நடக்கட்டும், நீங்கள் கோபப்படும்போதும் அழும்போதும் தானாக வரும் மொழியில். தினம் ஒரு சங்கீதத்தை அந்த மொழியில் உரக்க வாசியுங்கள். வாரத்துக்கு ஒன்றையாவது உங்கள் தாலாட்டின், ஒப்பாரியின் நடையில் எழுதிப் பாருங்கள்.

உங்களை அந்நியர் என்ற உறவினர்களிடம் கடைசியாகப் போங்கள். சபைப் பதிவேடு ஞானஸ்நான நாளில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய பெயர்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. விவாதிக்கப் போக வேண்டாம். கொள்ளுத்தாத்தாவின் உடன்பிறந்தார், அவர்களின் பெற்றோர் என்று வெற்றுக் கட்டங்கள் விட்ட வம்சவரைபடத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து, பழைய புகைப்படங்களோடு கொண்டுபோய் அவர்கள் முன் விரியுங்கள். பேனாவை அவர்கள் கையில் கொடுத்து, தெரிந்த பெயர்களை எழுதச் சொல்லுங்கள்.